தோற்றவரும் அடுத்த ஞாயிறு வர வேண்டும்: கார்டு மேசையில் எப்படி நடந்துகொள்வது என்று பேசுவோம்

தக்கலை டெக்:

எல்லோருக்கும் வணக்கம். மழை கொஞ்சம் ஓய்ந்ததும் நம்ம ஞாயிறு கார்டு விளையாட்டுக் கூட்டத்துக்கு மறுபடியும் ஆள் சேர ஆரம்பித்திருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் ஆட்கள் மட்டுமில்லாமல் கருங்கல், குலசேகரம் பக்கமிருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒரு விஷயத்தை இப்போதே திறந்து பேசிவிடலாம்.

பெரிய நகரங்களில் ஒரு ஆள் மனம் நொந்து போனால் அந்த நாற்காலியில் உட்கார இன்னொருவர் இருப்பார். இங்கே அப்படி இல்லை. போகிமான் ஆடுகிறவர்கள், மேஜிக் ஆடுகிறவர்கள், ஒன் பீஸ் ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்தாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். ஒருவர் வராமல் போனால் அடுத்த வாரம் ஜோடி போடும்போதே தெரிந்துவிடுகிறது. அதனால் விதிப்படி ஆடினேன் என்பது மட்டும் போதாது என்று நான் நினைக்கிறேன். எதிரே இருப்பவர் தோற்றாலும் திரும்பி வரும்படி ஆட வேண்டும்.

போன வாரம் பக்கத்து மேசையில் நடந்தது. எட்டாவது படிக்கும் பையன், புதுசு. அட்டாக் சொன்ன பிறகுதான் அந்த டர்னுக்கு எனர்ஜி (அட்டாக்குக்குச் சக்தி தரும் கார்டு) போடவில்லை என்று ஞாபகம் வந்தது. கையிலிருந்த எனர்ஜி கார்டை பாதி தூரம் நீட்டிவிட்டான். எதிரே இருந்தவர், "அட்டாக் சொல்லியாச்சுல்ல, டர்ன் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கார்டை எடுத்துவிட்டார். விதிப்படி அதில் தப்பில்லை, போகிமானில் அட்டாக்கோடு டர்ன் முடிந்துவிடும். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவரே பெஞ்சில் (அடுத்து ஆடக் காத்திருக்கும் போகிமான்களை வைக்கும் வரிசையில்) தவறான போகிமானை இறக்கிவிட்டு, "ஒரு நிமிஷம், இதை மாத்திக்கிடுறேன்" என்று கேட்காமலேயே திருப்பி எடுத்துக்கொண்டார். பையன் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

ஆள் யார் என்று தேட வேண்டாம். யாரையும் குத்திக்காட்ட இதைத் தொடங்கவில்லை. நமக்குள் ஒரு வழக்கம் வேண்டும், அதற்காகத்தான்.

வடசேரி வாசி:

அண்ணா, கடைசியில் சொன்னது முழுக்கச் சரி. தனக்கு ஒரு நீதி, சின்னப் பையனுக்கு ஒரு நீதி என்றால் அது விளையாட்டே இல்லை. ஆனால் டேக் பேக், அதாவது போட்டதைத் திரும்ப எடுக்கும் அனுமதி, எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும் என்று போய்விடக் கூடாது.

நான் பார்க்கும் கோடு இதுதான்: புதிதாக ஏதாவது தெரிந்துவிட்டதா இல்லையா. கார்டை மேசையில் வைத்துவிட்டு உடனே வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்றால் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடவில்லை, விட்டுவிடலாம். ஆனால் டெக்கிலிருந்து (ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டிலிருந்து) கார்டு எடுத்த பிறகோ, காயின் போட்ட பிறகோ, எதிராளி பதில் கார்டைக் காட்டிய பிறகோ திரும்பக் கேட்டால் அது வேறு. அந்த நேரத்தில் "இல்ல மக்கா, இது முடியாது" என்று சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. விதியைத் தெளிவாகச் சொல்வதும் எதிராளிக்குச் செய்யும் மரியாதைதான். அந்தப் பையன் நாளைக்கு வெளியூர் போட்டிக்குப் போனால் அங்கே யாரும் எனர்ஜியைத் திருப்பி வைக்க விடமாட்டார்கள்.

குழித்துறை மேஜிக்:

மேஜிக்கில் இதற்கு ஏற்கெனவே வழி இருக்கிறது. போட்டிகளை ரெகுலர், காம்பெடிட்டிவ் என்று விதிக் கண்டிப்பின் அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். கடையில் நடக்கும் வாராந்திர ஆட்டம் ரெகுலர். அங்கே ஜட்ஜின் முதல் வேலை கற்றுக்கொடுப்பது, தண்டனை கடைசிதான். பரிசு பெரிதாகும் இடத்தில் காம்பெடிட்டிவ், அங்கே எச்சரிக்கை, கேம் லாஸ் (அந்த ஆட்டமே தோல்வி) எல்லாம் உண்டு. நம்ம ஞாயிறு கூட்டம் எந்த வகை என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் முதல் வகை. ஆக புதுசாக வந்தவருக்கு, "எனர்ஜி போட்டாச்சா? அட்டாக் சொன்னா டர்ன் போயிடும், கேட்டியா" என்று ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னால் இந்தப் பிரச்சினையே வராது.

காம்பெடிட்டிவில்கூட நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. எதிராளி தன் டிரிக்கரை (ஒன்று நடந்ததும் தானாக நடக்க வேண்டிய கார்டின் விளைவை) மறந்தால் ஞாபகப்படுத்த வேண்டிய கடமை நமக்கு இல்லை. அது உண்மை. ஆனால் அவர் விதியை மீறி ஏதோ செய்வதைப் பார்த்துவிட்டு, நமக்கு லாபம் என்பதற்காக வாய்மூடி இருந்தால் அது ஏமாற்று. அதே மாதிரி நமக்கு நஷ்டம் தரும் நம்முடைய டிரிக்கரைத் தெரிந்தே மறந்த மாதிரி விட்டாலும் ஏமாற்றுதான். "நான் ஒண்ணும் செய்யலையே, சும்மாதானே இருந்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மார்த்தாண்டம் அம்மா:

நான் ஆடுகிறவள் இல்லை, மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறவள். பேசலாமா?

ஒரு ஞாயிறு என் மகன் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழி முழுக்க அழுதான். தோற்றதற்கு என்று நினைத்து ஆறுதல் சொன்னேன். அப்புறம்தான் சொன்னான்: எதிரே இருந்த அண்ணன் ஆட்டம் முழுக்க போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தாராம். இவன் ரொம்ப நேரம் யோசித்து ஒரு கார்டு போட்டால், தலையைத் தூக்கிப் பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனுக்குப் போய்விடுவாராம். ஜெயித்ததும் கார்டை வாரி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். "நான் அங்க இருந்தேன்னுகூட அவருக்குத் தெரியாதும்மா" என்றான். பதினொரு வயசுப் பிள்ளை இதைச் சொல்லும்போது பெற்ற மனசு என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே இடத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். வேறொரு நாள் ஒரு கல்லூரிப் பையன் இவனைத் தோற்கடித்துவிட்டு, கார்டுகளை மறுபடியும் விரித்துவைத்து, "இந்த இடத்துல நீ இதைப் பின்னால இழுத்திருந்தா நான் மாட்டியிருப்பேன் தம்பி" என்று காட்டிக்கொடுத்தான். அன்றைக்கும் இவனுக்குத் தோல்விதான். வீட்டுக்கு வந்து ராத்திரி வரை அதே பேச்சு.

தக்கலை டெக்:

அக்கா, தாராளமாகப் பேசலாம். இதைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

திங்கள்சந்தை திருப்பம்:

அம்மா சொன்ன போன் விஷயத்துக்கு நூறு சதவீதம் ஆமாம். ஆனால் பெற்றோர் பக்கமும் ஒன்று இருக்கிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சில அப்பாமார் பிள்ளையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு கார்டுக்கும் தொண்டையைச் செருமுகிறார்கள். ஒருவர் மகன் தோளில் கையை வைத்துக்கொண்டே நின்றார், தப்பான கார்டைத் தொட்டால் விரல் அழுந்தும். எதிரே ஆடிக்கொண்டிருந்ததும் ஒரு சின்னப் பிள்ளைதான், அதற்குத் துணைக்கு யாரும் வரவில்லை. வெளியிலிருந்து உதவி வாங்குவது எல்லாக் கார்டு விளையாட்டிலும் விதிமீறல். பெற்றோருக்குத் தனி பெஞ்ச் போட்டு, மேசையிலிருந்து நாலடி தள்ளி உட்காரச் சொல்வோம்.

மார்த்தாண்டம் அம்மா:

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. ஆனால் ஏழு எட்டு வயசுப் பிள்ளை தனியாக உட்காருமா? கார்டில் உள்ள இங்கிலீஷை வாசித்துச் சொல்லவாவது ஆள் வேண்டாமா?

திங்கள்சந்தை திருப்பம்:

வாசித்துச் சொல்ல ஜட்ஜாக நிற்பவர் வரலாம். இரண்டு பேருக்கும் பொதுவான ஆள் சொன்னால் பிரச்சினை இல்லை. அப்பா சொன்னால் அப்பா எங்கே நிறுத்தி, எங்கே அழுத்திச் சொல்கிறார் என்பதிலேயே பதில் வந்துவிடும்.

குளச்சல் கடற்காற்று:

டேக் பேக்கை விடுங்கள், எனக்கு டிரேடுதான், கார்டை மாற்றிக்கொள்வதுதான், வயிற்றெரிச்சல்.

பேன்சி கடையிலும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கடையிலும் தங்கக் கலரில் ஒரு கார்டு கட்டு விற்கும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் அதை அசல் என்று நம்புகின்றன. அது அவர்கள் தப்பு இல்லை, பார்க்க அசலைவிட அதுதான் பளபளப்பாக இருக்கிறது. ஒரு பையன் தன்னிடமிருந்த அசல் போகிமான் கார்டை, நல்ல விலை போகும் கார்டை, கொடுத்துவிட்டு அந்தத் தங்கக் கார்டு இரண்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி போனான். தங்கக் கார்டைக் கொடுத்தவருக்கு வித்தியாசம் தெரியாது என்று சொல்ல முடியாது. அசல் கார்டை விளிம்போடு பிடித்துப் பார்த்தால் இரண்டு தாளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

பையனும் சம்மதித்துத்தானே கொடுத்தான் என்று ஒருவர் அங்கேயே வாதாடினார். தெரிந்த ஆளும் தெரியாத ஆளும் செய்துகொள்ளும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? நம் கூட்டத்தில் பதினைந்து வயசுக்குக் கீழே உள்ளவர்களோடு டிரேட் செய்தால் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அந்த வாரத்து விலையைப் போனில் பார்த்து இரண்டு பேரும் காதில் கேட்கச் சொல்லிவிட வேண்டும். இது வராவிட்டால் நான் டிரேட் பைண்டரையே கொண்டுவரப் போவதில்லை.

வடசேரி வாசி:

குளச்சல் அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்: யாராவது டிரேட் செய்துகொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் நடுவில் தலையை நீட்டி, "அதைவிட நான் நல்லதா தாரேன்" என்று கலைக்கிற வேலையும் நிற்க வேண்டும். ஏமாற்று நடக்கிறது என்று தோன்றினால் மட்டும் பேசலாம்.

சுங்கான்கடை:

பழைய ஆள் ஒருத்தன் பேசுகிறேன். எங்கள் காலத்தில் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த டிரம்ப் கார்டுதான். உயரம், எடை, நெஞ்சளவு, ரேங்க் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வெட்டுவோம், வெட்டினால் எதிராளி கார்டு நமக்கு. ஸ்கூல் விடும்போது ஒருவன் கையில் கட்டாக இருக்கும், மற்றவன் வெறும் கையோடு போவான். மறுநாள் அவன் ஆட வரமாட்டான், கார்டு இருந்தால்தானே வருவான்.

மேஜிக்கும் 1993ல் வந்தபோது அப்படி ஒரு விதியோடுதான் வந்தது. ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கொரு கார்டைப் பந்தயமாக வைக்க வேண்டும், ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். ஆன்டி என்று பெயர். பிறகு அதைக் கைவிட்டார்கள், ஆன்டி பற்றிப் பேசும் கார்டுகள் எல்லாம் அதிகாரப்பூர்வப் போட்டிகளில் தடை. தோற்றவர் கையில் டெக் மிச்சம் இருந்தால்தான் விளையாட்டு வளரும் என்று அந்தக் கம்பெனிக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது. குளச்சல் சொல்கிற டிரேடும் என் கண்ணுக்கு ஆன்டிதான். பந்தயம் என்று சொல்லாமல் பிடுங்குகிறார்கள், அவ்வளவுதான்.

கோட்டாறு கார்டு:

எல்லோரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கல்லூரியில் படிக்கிற பெண், ஒன் பீஸும் போகிமானும் ஆடுகிறேன். மேசையில் உட்கார்ந்ததும் எனக்கு விதி சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கிற அண்ணன்மாரைப் பற்றியும் பேச வேண்டும்.

நான் டெக்கைக் கலைத்து முடித்து, பிரைஸ் கார்டு ஆறையும் அடுக்கி வைத்த பிறகும், "முதல்ல ஏழு கார்டு எடுக்கணும், தெரியுமா?" என்று கேட்கிறார்கள். ஜெயித்தால், "நல்ல கை வந்துடுச்சு போல." தோற்றால், "பரவாயில்ல, பழகப் பழக வந்துடும்." பையன்களிடம் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. யார் டெக் இது, அண்ணனோடதா என்று கேட்டவர்களும் உண்டு. அறுபது கார்டையும் நானே ஒவ்வொன்றாகச் சேர்த்தது.

எனக்குச் சலுகை எதுவும் வேண்டாம். எதிராளியாக நினைத்து ஆடினால் போதும். உதவி வேண்டுமா என்று ஒரு தடவை கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இங்கே ஆட வருகிற பெண்கள் இரண்டு மூன்று பேர்தான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தக்கலை டெக்:

நன்றி தங்கச்சி. இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். "உதவி வேண்டுமா என்று ஒரு தடவை கேட்பது" என்பதை எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொள்ளலாம். புதுப் பையனுக்கும் அதுதான் சரியான முறை.

குழித்துறை மேஜிக்:

ஷஃபிள் பற்றி யாரும் பேசவில்லையே. எதிராளியின் டெக்கைக் கலைப்பதோ வெட்டுவதோ நம் உரிமை, அதில் கூச்சப்பட வேண்டாம். நம்பிக்கை இல்லையா என்று கோபப்படவும் வேண்டாம். ஆனால் அடுத்தவர் கார்டை எப்படித் தொடுகிறோம் என்று ஒன்று உண்டே. டீக்கடையில் பழம்பொரி தின்றுவிட்டு, கையைப் பேப்பரில் துடைத்துக்கொண்டு நேரே என் டெக்கை எடுத்தால் ஸ்லீவ் (கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை) முழுக்க எண்ணெய். அப்புறம் இரண்டு பாதியையும் வளைத்துப் படபடவென்று அடித்துக் கலைக்கிறவர்கள். உங்கள் டெக்கை எப்படி வேண்டுமானாலும் கலையுங்கள். என்னுடையதைப் பக்கவாட்டில் மெதுவாகச் செருகிக் கலைத்தால் போதும். கலைக்கும்போது கார்டு முகம் தெரியாமல் டெக்கைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும், கண்ணும் வேறு பக்கம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, நம்ம ஊருக்கென்றே உள்ள தொந்தரவு. இங்கே இரண்டு மழைக்காலம். காற்றில் ஈரம் குறைவதே இல்லை. பளபளக்கும் ஃபாயில் கார்டில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே உள்ள ஃபாயில் படலம் விரியாது, அதனால் கார்டு முகப்புப் பக்கமாக வளைந்துவிடும். டெக்கை மேசையில் வைத்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அந்த இடத்தில் வெட்டினால் ஃபாயில்தான் வரும் என்று தெரிந்துவிடும். போட்டி விதியில் இதற்கு அடையாளமிட்ட கார்டு என்று பெயர், தண்டனையும் உண்டு. ஆனால் பத்தில் ஒன்பது பேர் இதைத் தெரிந்து செய்வதில்லை, வானிலை செய்கிறது. எதிராளி டெக்கில் இப்படி இருந்தால் மேசை முழுக்கக் கேட்கும்படி "மார்க்டு கார்டு!" என்று கத்தாதீர்கள். ஏமாற்றுக்காரர் என்று பெயர் விழுந்துவிட்டால் நம்ம மாதிரிச் சின்ன ஊரில் அது சீக்கிரம் போகாது. ஜட்ஜைக் கூப்பிட்டு அமைதியாகக் காட்டினால் போதும்.

சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றை டெக் பாக்ஸில் போட்டு வையுங்கள். நிறையப் போட்டால் எதிர்ப்பக்கம் வளையும். உள் ஸ்லீவ், வெளி ஸ்லீவ் என்று இரண்டு போட்டால் இன்னும் நல்லது.

வடசேரி வாசி:

இரண்டு ஸ்லீவுக்கும் ஆகிற காசு பள்ளிக்கூடப் பிள்ளையிடம் எங்கே இருக்கும்? ஃபாயில் இல்லாத அதே கார்டு கிடைத்தால் அதைப் போட்டு ஆடச் சொல்லலாம். விலையும் பெரும்பாலும் குறைவு.

திங்கள்சந்தை திருப்பம்:

நேரம் பற்றி ஒரு கேள்வி. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டிய ரவுண்டுக்கு 50 நிமிடம் வைத்திருக்கிறோம். முதல் ஆட்டம் ஜெயித்ததும் சிலருக்கு திடீரென்று யோசனை அதிகமாகிவிடுகிறது. ஒவ்வொரு கார்டையும் எடுத்து வாசிக்கிறார்கள், தள்ளி வைத்த கார்டுகளை மூன்று தடவை எண்ணுகிறார்கள். இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நம்மைத்தான் அவசரக்காரன் என்கிறார்கள்.

குழித்துறை மேஜிக்:

மெதுவாக ஆடுவதும் வேண்டுமென்றே நேரத்தைக் கடத்துவதும் வேறு வேறு. முதலாவதற்கு எச்சரிக்கை, இரண்டாவது ஏமாற்று, மேஜிக்கில் போட்டியை விட்டே வெளியேற்றுவார்கள். நமக்குள் சந்தேகம் வந்தால் எதிராளியோடு சண்டை போடாமல் உடனே கையைத் தூக்கி ஜட்ஜைப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ரவுண்டு முடிந்த பிறகு புலம்பினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நேரம் முடிந்தாலும் மேஜிக்கில் ஐந்து டர்ன், போகிமானில் மூன்று டர்ன் கூடுதலாக உண்டு என்பதை முதலிலேயே எல்லோருக்கும் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

முக்கியமானது இன்னொன்று. போன மாதம் இரண்டு பையன்கள் நேரம் முடிந்ததும் பகடை உருட்டி யார் ஜெயித்தது என்று முடிவு செய்தார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், சண்டை வேண்டாம் என்று. ஆனால் அதிகாரப்பூர்வப் போட்டியில் இது பெரிய குற்றம். மேட்ச் லாஸ் (அந்த ரவுண்டே தோல்வி), அதற்கு மேலும் போகும். தோற்றுக்கொடுக்கலாம், டிரா ஒத்துக்கொள்ளலாம். பகடை உருட்டியோ, பரிசில் பங்கு தருகிறேன் என்று சொல்லியோ முடிவை மாற்றக் கூடாது. வெளியூர் போய்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் முன்னால் இங்கேயே சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.

குளச்சல் கடற்காற்று:

ஆட்டம் முடிந்ததும் கை கொடுப்பது பற்றி? சிலர் தோற்ற கோபத்தில் கை கொடுப்பதில்லை. சிலர் ஆன்லைன் மேஜிக் அரீனா பழக்கத்தில் ஜெயிக்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கடைசி கார்டுக்கு முன்னாலேயே "குட் கேம்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆன்லைனில் அது கேலி மாதிரி ஆகிவிட்டது. நேரிலும் அப்படியேதான் கேட்கிறது.

சுங்கான்கடை:

"குட் கேம்" தோற்றவர் வாயிலிருந்து முதலில் வந்தால் அழகு. ஜெயித்தவர் காத்திருக்கட்டும். நம்ம பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறைக் களரியில் இறங்கும்போதும் வணக்கம், ஏறும்போதும் வணக்கம், நடுவில் எவ்வளவு அடி விழுந்தாலும் அது மாறாது. கார்டு மேசையிலும் உட்கார்ந்ததும் பேர் சொல்லி ஒரு வணக்கம், முடிந்ததும் கை கொடுப்பது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தோற்றவர் கண் கலங்கி இருந்தால் வற்புறுத்தாதீர்கள். கொஞ்ச நேரம் கொடுத்தால் அவரே சாயா குடிக்கும் இடத்துக்கு வந்துவிடுவார்.

கோட்டாறு கார்டு:

கெட்ட கை வந்து தோற்றவரிடம் "ஈசியா முடிஞ்சுட்டு" என்று மற்ற மேசைக்குக் கேட்கும்படி சொல்வதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கத் தேவையான பேசிக் போகிமானே வராமல் மூன்று தடவை மல்லிகன் போட்டு (கையைக் கலைத்துப் புதுக் கை எடுத்து), எதிராளிக்குக் கூடுதல் கார்டும் கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும்?

தக்கலை டெக்:

சரி, நிறைய வந்துவிட்டது. இந்த ஞாயிறு தொடங்கும் முன்னால் எல்லோர் முன்னாலும் வாயால் சொல்லிவிடுகிறேன்: டேக் பேக்குக்கு வடசேரி சொன்ன கோடு, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. சின்னவர்கள் டிரேடுக்குப் பெரியவர் பக்கத்தில். போன் பைக்குள். பகடை உருட்டி முடிவு செய்வது கிடையாது. பெற்றோர் பெஞ்ச் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அக்காவும் திங்கள்சந்தையும் நேரில் பேசுங்கள்.

ஜட்ஜாக நிற்க இரண்டு பேர் வேண்டும். நிற்பவர் அன்றைக்கு ஆட முடியாது, அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

வடசேரி வாசி:

நான் நிற்கிறேன்.

மார்த்தாண்டம் அம்மா:

விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் மேசையில் கார்டு வாசித்துச் சொல்ல நான் நிற்கலாமா? என் மகன் ஆடுகிற மேசையில் நிற்கமாட்டேன்.

திங்கள்சந்தை திருப்பம்:

அக்கா, ஞாயிறு ஒன்பதரைக்கு வந்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் முக்கியமானதைச் சொல்லித் தருகிறேன். மீதியை ஆட்டம் பார்க்கப் பார்க்கப் பிடித்துக்கொள்வீர்கள்.